புள்ளி ஒன்று தள்ளினால்

சென்ற மார்கழித் திங்களில் திருப்பதிக்குச் சென்றிருந்தபோது, நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் இல்லத்தில் இரண்டு நாள் தங்கினோம். அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. வாசல் என்று சொல்லத்தக்கது இரண்டு தரைக்கல் அகலமே. அந்த இரண்டு கல்லிலும் விடியற்காலையில் ஒரு சிறு கோலம் மலர்ந்திருந்தது. இட்டவர் அவ்வீட்டு மூதாட்டி, எழுபதைக் கடந்தவர். வாலாஜாப் பக்கத்திலிருந்து மணமாகிச் சித்தூருக்கு வந்து, மகனுக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தபின் அவனோடு இங்கு வந்து சேர்ந்தவர். தம் தாயிடம் கற்ற கோலங்களையெல்லாம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருக்கிறார். அதன் ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது.

பேரன் ஏழாம் வகுப்பு மாணவன். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறான். வீட்டில் தமிழ் பேசுகிறான்; ஆனால் தமிழ் எழுத்தை அறியான். “இவன் எந்நேரமும் கணினியின் முன்னேயே உட்கார்ந்திருக்கிறான், நீங்களாவது புத்தி சொல்லுங்கள்” என்று அவன் தந்தையார் நம்மிடம் முறையிட்டார். புத்தி சொல்லும் முன் அவன் செய்வது யாதெனப் பார்ப்போம் என்று அருகிற் சென்றோம். கணினியோடு வரும் பெயின்ட் என்னும் எளிய வரைபடச் செயலியில், சிறுசிறு சதுரங்களை ஒவ்வொன்றாக நிரப்பி ஒரு வீரனின் உருவத்தை அமைத்துக்கொண்டிருந்தான். மேசையின் மற்றொரு மூலையில் பாட்டியின் நோட்டுப் புத்தகம் கிடந்தது. “இதில் ஒரு கோலத்தை அவ்வாறு வரைய இயலுமா?” என்று கேட்டோம். இது என்ன பெரிய காரியம் என்பான் போலப் பத்து நிமிடத்தில் வரைந்து காட்டினான்.

மூதாட்டியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை உற்று நோக்கினார். கணினியை ஒருநாளும் தொட்டறியாதவர் அவர். “இடப்பக்கம் ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கிறதே, கண்ணு! எண்ணித்தான் வைத்தாயா?” என்றார். பேரன் எண்ணிப் பார்த்தான். பாட்டி சொன்னது சரியாக இருந்தது. “இதற்கு நடுவே இல்லையே, ஆயா” என்று அவனே சொன்னான். அந்த ஒரு சொல்லே இத்திங்கள் நம் கட்டுரைக்கு வித்தாயிற்று.

கணினித் திரையிலும் கைப்பேசித் திரையிலும் நாம் காணும் படங்கள் அனைத்தும் நுண்ணிய சதுரங்களால் ஆனவை. துணியை உற்று நோக்கினால் ஊடும் பாவும் தெரிவது போலப் படத்தைப் பெரிதாக்கி நோக்கினால் இச்சதுரங்கள் தெரியும். இவற்றைப் பிக்சல் என்பர். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசியத் தர நிறுவனத்தில் பணியாற்றிய ரசல் கிர்ஷ் என்பார், தம் கைக்குழந்தையின் நிழற்படம் ஒன்றை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றினார். பக்கத்திற்கு 176 சதுரம். மொத்தம் 30,976 சதுரங்களே அப்படம். கணினி கண்ட முதற் படங்களுள் ஒன்று ஒரு தந்தை எடுத்துவந்த தம் பிள்ளையின் முகம் என்பது நமக்கு இனிமை தருவதன்றோ?

இன்றைய நிழற்படங்களில் இச்சதுரங்கள் பல இலட்சக் கணக்கில் இருப்பதால் அவற்றை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் பிக்சல் ஓவியம் என்று பிள்ளைகள் சொல்வது, சதுரங்களை வேண்டுமென்றே குறைத்து, ஒவ்வொன்றையும் கையால் வைத்து அமைக்கும் ஓவியம். ஒரு சதுரம் மாறினால் முகத்தின் சிரிப்பு மாறிவிடும். 1984-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த மக்கின்டாஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் அம்மையார், முதலில் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்திற்கு 32 கட்டமாக எண்ணி, அதில்தான் வரைந்து பார்த்தார். நம் மூதாட்டியார் செய்ததும் வேறன்று. இருவர் கையிலும் நோட்டுப் புத்தகம். இருவர் வாயிலும் எண்ணிக்கை.

கோலத்திற்கும் கணினிக்கும் உள்ள உறவை அறிஞர்களும் கண்டிருக்கின்றனர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, அவர் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோர் 1974-ஆம் ஆண்டில், கோலத்தை விதிகளால் ஆன ஒரு மொழியாகக் கருதி, அதற்கு இலக்கணம் வகுத்து, கணினி வரைபடவியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினர். சொற்களை எவ்வாறு கோத்தால் வாக்கியமாகும் என்பதற்கு விதி இருப்பது போல, புள்ளியையும் கோட்டையும் எவ்வாறு கோத்தால் கோலமாகும் என்பதற்கும் விதி உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை.

ஆகவே, அன்பர்களே, நம் இல்லங்களில் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்திருக்கும் நேரத்தில் ஒரு பங்கை இவ்வழியில் திருப்பலாம். செய்முறையைக் கீழே தருகிறோம்.

பெயின்ட் செயலியைத் திறந்து, கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஈ விசையைத் தட்டினால் படத்தின் அளவைக் கேட்கும் பெட்டி தோன்றும். அதில் அலகு பிக்சல் என்பதைத் தேர்ந்து, அகலம் 31, உயரம் 31 என்று இடுக. 32 வேண்டா, 30-உம் வேண்டா. இரட்டைப்படை எண்ணுக்கு நடுச்சதுரம் கிடையாது. பேரன் 32 என்று வைத்ததால்தான் ஒரு புள்ளி தள்ளியது. ஒற்றைப்படையில் நடு ஒன்று அமையும். 31-இல் பதினாறாவது சதுரம் நடு, இருபுறமும் பதினைந்து.

பிறகு படத்தை எட்டு மடங்கேனும் பெரிதாக்கி, கண்ட்ரோல் விசையோடு ஜி விசையைத் தட்டினால் கட்டக் கோடுகள் தோன்றும். வெறும் படத்தை முதலில் வாளி போன்ற கருவியால் கரும்பச்சை நிறத்தில் நிரப்புக. அதுவே சாணம் தெளித்த வாசல். பின்பு பென்சில் கருவியை எடுத்து, அதன் தடிமன் ஒரு பிக்சல் என்று வைத்து, வெண்ணிறத்தைத் தேர்க. தூரிகையைத் தொட வேண்டா. தூரிகை ஓரங்களை மங்கச் செய்யும். சதுரம் சதுரமாக நில்லாது. தவறிவிட்டால் கண்ட்ரோல் விசையோடு இசட் விசை முன்னிலைக்குக் கொண்டுவரும்.

இனிப் புள்ளி வைப்போம். 1, 3, 5, 7, 5, 3, 1 என்னும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் 25. நடு வரிசையின் ஏழு புள்ளிகளை 4, 8, 12, 16, 20, 24, 28 ஆகிய சதுரங்களில் வைக்க வேண்டும். நான்காம் வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு இது விளையாட்டு. மேலிருந்து கீழும் இவ்வெண்களே. இடப்புறம் மூன்று சதுரமும் வலப்புறம் மூன்று சதுரமும் ஓரமாக மிஞ்சும். ஒன்றை மறவாதீர்: திரையின் அடியில் பெயின்ட் காட்டும் எண்கள் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. ஆகவே நாம் நான்கு என்பதை அது மூன்று என்னும். நாம் பதினாறு என்பதை அது பதினைந்து என்னும்.

இடைவெளி நான்கு என வைத்ததற்கும் காரணம் உண்டு. ஊடு புள்ளிக் கோலத்தில் அடுத்த வரிசைப் புள்ளி, மேல் வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். இடைவெளி நான்கானால் இரண்டு சதுரம் தள்ளினால் நடு. இடைவெளி மூன்றாகவோ ஐந்தாகவோ இருந்தால் நடு அகப்படாது. புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும்போது, மேல் நுனிப் புள்ளியிலிருந்து ஒரு சதுரம் வலம், ஒரு சதுரம் கீழ் எனப் படியாக இறங்கினால், நான்காம் படியில் அடுத்த ஓரப்புள்ளியின் மேலேயே சென்று சேரும். படிகள் ஒரே சீராக இருந்தால் கோடு நேராகத் தோன்றும். ஓரிடத்தில் ஒன்றும் ஓரிடத்தில் இரண்டுமாக வைத்தால் கோடு நொண்டும். வளைந்து செல்லும் சிக்குக் கோலத்திற்கு இவ்விடம் போதாது. அதற்குப் புள்ளியிடை எட்டுச் சதுரம் விடுக.

நான்கு பக்கமும் ஒத்த கோலமாயின் காற்பகுதியை மட்டும் வரைந்தால் போதும். இடப்பக்க மேற்பகுதியில் நடு வரிசைகளையும் சேர்த்துப் பதினாறுக்குப் பதினாறு சதுரத்தைத் தேர்ந்து, பிரதி எடுத்து, இடவலமாகப் புரட்டி, நடு வரிசை நடு வரிசையின் மேலேயே படியும்படி வைக்க வேண்டும். பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. மேலே படிந்த ஒன்றைக் கழிக்க முப்பத்தொன்று. பக்கத்தில் ஒட்டி வைத்தால் நடுக்கோடு இரட்டித்துப்போம். அவ்வாறே மேற்பாதியைப் பிரதி எடுத்து மேல்கீழாகப் புரட்டுக. ஆனால் சக்கரம் போலச் சுழன்று செல்லும் கோலங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றைப் புரட்டலாகாது, கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்ப வேண்டும். இன்ன கோலம் புரட்டத்தக்கது, இன்ன கோலம் திருப்பத்தக்கது என்பதைப் பாட்டியைக் கேட்டால் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

படத்தைச் சேமிக்கும்போது பி.என்.ஜி. என்னும் வகையைத் தேர்க. ஜேபெக் வகை நிழற்படத்திற்கு நல்லது. கட்டச் சித்திரத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்தாற்போலச் செய்துவிடும். பெரிதாக்க விரும்பினால் இரண்டு, மூன்று, நான்கு என முழு மடங்காகவே பெரிதாக்குக. முதற் படத்தை மட்டும் ஒருபோதும் அழித்தல் கூடாது.

கணினி இல்லாத இல்லத்தார் வருந்த வேண்டா. கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இரண்டு வண்ணப் பென்சிலும் போதும். இம்முறையில் நம் நெசவாளர்கள் நமக்கு முன்னோர். பூவையும் மாங்காயையும் கட்டத் தாளில் எண்ணி அமைத்து, அதன் பிறகே தறியில் ஏற்றுவது அவர்கள் வழக்கம். சரிகைப் புட்டாவுக்குப் பேர்போன வெங்கடகிரி திருப்பதிக்கு வடக்கே இருக்கிறது; நகரி, புத்தூர்ப் பக்கங்களில் தறி ஓசை கேளாத தெரு அரிது. துளையிட்ட அட்டைகளால் பூ வேலையை நடத்தும் தறியை 1804-ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு அமைத்தார். அவ்வட்டையைக் கண்டே பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கும் அட்டையைக் கொண்டார். ஆகவே தறியிலிருந்து கணினிக்குச் சென்ற கட்டம், கணினியிலிருந்து இன்று நம் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது. இதற்கு மாறாகத் திருக்காளத்திக் கலம்காரியில் மூங்கில் எழுதுகோலால் தடையின்றிக் கோடிழுப்பர். அங்கே கட்டமும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. அக்கலை வேறு. இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டினால் வேற்றுமை தானே விளங்கும்.

இனி எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கவலையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாகாணத்தில் அமைந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மாறிற்று. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இடம் மாறினும் வீடுகள் இடம் மாறவில்லை. குடியேறி வந்தோரும், எல்லை நகர்ந்ததால் அயலார் ஆனோரும் இங்கே கலந்தே வாழ்கின்றனர். தெலுங்கர் நம்மை அயலாராகக் கருதியதில்லை. அண்டை வீட்டு அம்மாள் முக்கு என்பதை நாம் கோலம் என்கிறோம், அவ்வளவே. பிள்ளைகள் தெலுங்கை நன்கு கற்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பாட்டியின் நோட்டுப் புத்தகத்தில் கோலத்தின் கீழே அவர் எழுதி வைத்த குறிப்பைப் பேரனால் படிக்க முடியவில்லை என்றால், அந்த இழப்பிற்கு யாரை நோவது? நம்மையே நோக வேண்டும்.

மறுநாள் அப்பிள்ளையிடம் நாம் சொன்னோம்: “தம்பி, படம் வரைந்தாய். படம் என்னும் சொல்லையும் வரைந்துவிடு.” இச்சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் வளைவுடையவை. சிறு கட்டத்தில் அடங்கா. ஆனால் ப, ட, ம மூன்றும் நேர்கோட்டில் அடங்கும். உயரம் ஐந்து சதுரம் என்று கொள்க. ப என்பதற்கு அகலம் ஐந்து: இடத்தூண், அடிக்கோடு, வலத்தூண், 13 சதுரம். ட என்பதற்கும் அகலம் ஐந்து: இடத்தூண், அடிக்கோடு, 9 சதுரம். ம என்பதற்கு அகலம் ஏழு: இடத்தூண், நெடிய அடிக்கோடு, அதன் வலப்பாதியின் மேல் ஒரு மூடிய பெட்டி, 21 சதுரம். எழுத்துகளுக்கிடையே ஒவ்வொரு சதுரம் இடம் விடுக. ஆக மொத்தம் 43.

பேரன் 43 சதுரத்தையும் பிழையின்றி வைத்தான். பாட்டியை அழைத்துக் காட்டினான். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் பார்த்து, “படம என்றல்லவா இருக்கிறது?” என்று சிரித்தார். மகரத்தின் மேல் ஒரு வரிசை விட்டு ஒரு சதுரத்தை வைக்கச் சொன்னோம். நாற்பத்து நான்காவது சதுரம் விழுந்ததும் படம என்பது படம் ஆயிற்று. பையன் நிமிர்ந்து பார்த்தான். தமிழில் ஒரு புள்ளி ஓர் ஓசையையே நீக்கவல்லது என்பதை எவ்வளவு சொல்லியும் அவ்வளவு விரைவில் விளக்கியிருக்க முடியாது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சி ஏடெழுதுவோர் அதனை விட்டுவிடுவதுண்டு; படிப்போர் ஊகித்துக்கொள்வர். திரையில் கிழிவதற்கு ஒன்றும் இல்லை. புள்ளியை விடுவதற்குச் சாக்கும் இல்லை.

இன்னும் ஒன்று, இதுவே முதன்மையானது. முடிந்த கோலத்தின் படம் அதன் உருவத்தைக் காக்கும். கை சென்ற வழியைக் காவாது. எந்தப் புள்ளியில் தொடங்குவது, எவ்விடத்தில் திரும்புவது, எந்தக் கோட்டை இறுதியில் மூடுவது என்பன பாட்டியின் கையில்தான் உள்ளன. ஆகவே ஒரே படமாகச் சேமியாதீர். புள்ளி மட்டும் வைத்ததை 1 என்று சேமியுங்கள். முதற்கோடு இட்டபின் 2. அடுத்த கோட்டிற்கு 3. இவ்வாறு பத்துப் படம் ஆனாலும் இடம் கொள்ளாது. அத்தனையும் சேர்ந்து ஒரு நிழற்படத்தின் அளவுக்கு வாரா. பின்னாளில் ஒருவர் அவற்றை வரிசையாகத் திறந்தால் பாட்டியின் கை மீண்டும் இயங்கக் காண்பார். இவ்வேலையில் பாட்டி சொல்ல வேண்டும், பிள்ளை வைக்க வேண்டும். தந்தையார் குறை சொல்லாதிருந்தால் போதும்.

தைத் திங்களில் அவ்வழியே மறுபடியும் சென்றோம். பதினொரு பக்கங்கள் முடிந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அதன் பெயர் கட்ட எழுத்தில். சில பிழைகளும் இருந்தன. நாம் திருத்தவில்லை, பாட்டி திருத்துவார். தந்தையார் முறையிடவில்லை. நமக்குக் காப்பி கொண்டுவந்தவர் தாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் மட்டும் அவர்களுக்கு வசப்படவில்லை. பூச்சி அரித்ததில் நடுப்பகுதி போய்விட்டது. பக்கத்தின் தலையில் “15 புள்ளி, ஊடு புள்ளி, 8-இல் நிறுத்தவும்” என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. மூதாட்டியார் கோலப்பொடியை எடுத்து இரண்டு மூன்று முறை இட்டுப் பார்த்தார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. “அம்மா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்” என்றார். எழுபது வயதைக் கடந்தவர் தம் தாயைத் தேடும் குரலைக் கேட்டு நாம் மறுமொழி சொல்ல இயலாதிருந்தோம்.

பேரன் அந்தக் குறிப்பைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்து, அக்கோலத்தின் 169 புள்ளிகளையும் எண்ணி வைத்து, முதற் படமாகச் சேமித்து வைத்திருக்கிறான். கோடு இன்னும் இல்லை. வாசகர் இல்லங்களில் இக்கோலம் அறிந்த தாய்மார் எவரேனும் இருந்தால், தொடக்கம் முதல் படிப்படியாக வரைந்து நம் சங்க முகவரிக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகிறோம். அவனிடம் சேர்ப்பிப்போம்.